கைமாறிய வீடு

கம்பத்தில் நாம் ஒரு வீடு வாங்கினோம். புது வீடுதான், ஆனால் நமக்கு முன்னே ஒருவர் அதில் ஒன்றரை வருஷம் குடியிருந்துவிட்டு, உத்தியோக மாற்றலின் காரணமாக விற்றுவிட்டுப் போனார். திராட்சைப் பந்தல் இருந்த நிலத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும் என்று தரகர் சொன்னார். தெரிந்தது, மனிதர் பொய் சொல்லவில்லை. மழை பெய்தால் சமையலறைக்குள்ளும் பெய்யும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

ஐப்பசியில் தளத்தின் மூலையில் ஓர் ஈரத் திட்டு தோன்றியது. கார்த்திகை பிறப்பதற்குள் பூச்சு உதிர்ந்து அரிசிப் பானையில் விழுந்தது. வீட்டு அம்மாள் முதலில் பானையை நகர்த்தினாள். பிறகு அடுப்பையே நகர்த்தினாள். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, "தளத்துக்கு வாட்டமே இல்லை, ஐயா. தண்ணீர் ஓடாமல் நிற்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட்டே பிளந்துவிடும்" என்றார்.

கட்டி விற்றவரிடம் போனோம். காபி கொடுத்து உபசரித்தார். "நான் உங்களுக்கா விற்றேன், ஐயா? உங்களுக்கு விற்றவரைக் கேளுங்கள்" என்றார். விற்றவரோ, "நானா கட்டினேன்?" என்றார். இரண்டும் உண்மை. நடுவில் ஒழுகியது நம் வீடு.

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இப்படி நியாயம் பேசலாமா? நம் வயல்களுக்கு நீர் தரும் பெரியாறு அணைக்கான குத்தகைப் பத்திரம் 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் ஸர்க்காருக்கும் இடையே எழுதப்பட்டது. கெடு 999 வருஷம். எழுதிக் கொடுத்தவர்களும் இல்லை, வாங்கிக்கொண்டவர்களும் இல்லை. ஆயினும் அந்தப் பத்திரத்தை ஒட்டியே 1970-ல் கேரளமும் தமிழ்நாடும் துணை ஒப்பந்தம் செய்துகொண்டன. கை மாறியதால் கடமை கரைந்துவிடவில்லை.

வீட்டு விஷயத்திலும் சட்டம் அதையேதான் சொல்கிறது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, சுவாதீனம் ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் 30 நாளில் கூலி கேளாமல் சரிசெய்து தரவேண்டும், தவறினால் நஷ்டஈடு. இந்த உரிமை யாருக்கு? 2-வது பிரிவு, முதலில் வாங்கியவரோடு அவரிடமிருந்து பின்னர் வாங்கியவரையும் சேர்த்தே சொல்கிறது. குடிக்கூலிக்கு இருப்பவருக்கு மட்டும் இல்லை. ஐந்து வருஷக் கணக்கு நம் கிரயத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குவதில்லை. வீடு முதலில் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகிறது. ஆகவே, கைமாறிய வீடு வாங்குவோர் பழைய சுவாதீனக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். நாம் கேட்கவில்லை, பிறகு கெஞ்சி வாங்கினோம்.

பிரிவுகளைக் குறிப்பிட்டு, படங்களும் வைத்து, ஒப்புதல் அட்டையுடன் ரிஜிஸ்தர் தபாலில் கடிதம் அனுப்பினோம். இருபத்தேழாம் நாள் சிமெண்டு மூட்டைகளோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். காபி கொடுத்து உபசரிப்பது இப்போது நம் முறையாயிற்று.

ஆனால், அடுத்த தெருவில் மூன்றே வீடாகக் கட்டி விற்ற இடத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாளுக்கு இவ்வளவு சுலபமில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளாகவோ கட்டினால் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. நம் ஊர்களில் கட்டி விற்கப்படுபவற்றில் இத்தகையவையே கண்ணில் அதிகம் படுகின்றன. அவரும் இரண்டாவதாக வாங்கியவர். சேமநிதிப் பணம் முழுவதும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. தேனி நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்று சொன்னோம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993-லும், பின்னர் வாங்கியவர் என்ற காரணத்துக்காகவே ஒருவரைத் தள்ளிவிடலாகாது என்று 2021-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் பிராது கொடுக்கவேண்டும்.

அம்மாள் சற்று யோசித்தார். "உங்கள் கடிதத்தின் நகல் இருக்கிறதா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலேயே ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார்.