கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போது

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் கராஜுக்குப் போர்ஷே 996 வராத மாதம் அரிது. 911 வரிசையில் தண்ணீரால் குளிரூட்டப்பட்ட முதல் கார் அது. 1990களின் கடைசியில் வந்து 2005 வரை விற்றது. 1999இல் அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலை 65,000 டொலரை ஒட்டி இருந்தது. இன்று அதில் பாதிக்காசுக்கே ஒன்று அகப்படும். ஆனால் கார் மலிந்துபோன செய்தி உதிரிப்பாகங்களுக்குத் தெரியாது. ரேடியேட்டரும் ஃப்ளைவீலும் இன்னமும் புதுக்கார்க்காரரிடம் கேட்கும் விலையைத்தான் கேட்கின்றன.

வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் ஐஎம்எஸ் பெயரிங் பற்றிப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கிராங்குக்குக் கீழே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. அதிலிருந்து போகும் செயின்கள்தான் இரண்டு பக்கத்துக் கேம்களையும் சுழற்றுகின்றன. அந்தத் தண்டின் கிளட்ச் பக்க முனை, இரு பக்கமும் மூடிய ஒரு பந்து பெயரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. வருஷம் போகப்போக மூடியின் ரப்பர் இறுகும், உள்ளே இருந்த கிரீஸ் கழுவுப்பட்டுப் போகும். அந்த இடத்துக்கு வந்த ஒயில் வெளியேற வழியின்றி அங்கேயே கிடந்து கெடும். பெயரிங் உடைந்தால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சின் கதை முடிந்தது. ஆரம்பத்தில் இரட்டை வரிசைப் பந்துகள் போட்டார்கள். 2000ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். அமெரிக்காவில் 2013இல் சமரசமான வழக்கு, 2001 மே முதல் 2005 பெப்ரவரி வரை செய்த கார்களைப் பற்றியது. அதில் பேசப்பட்ட கணக்குப்படி ஒற்றை வரிசையில் ஏறக்குறைய 8 சதவீதம் பழுது, இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. காசு போவது அதை அடையும் வழிக்கு. கார் மேலே ஏற வேண்டும், கியர்பொக்ஸ் இறங்க வேண்டும், கிளட்சும் ஃப்ளைவீலும் கழல வேண்டும். கிராங்கை ஊசி போட்டுப் பூட்டி, கேம்களை அசையாமல் பிடித்து, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகுதான் மூடித்தகட்டின் மூன்று போல்ட்டுகளில் கை வைக்கலாம். இதில் ஒரு படியைத் தாண்டிப் போனால் செயின் நழுவும். தடுக்க வந்த சேதத்தை நாமே செய்துவைப்போம்.

என்னைக் கேட்டால், கடினமான பகுதி ஸ்பனர் எடுப்பதற்கு முன்பே இருக்கிறது. ஒயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மினுங்கும் துகள் தெரிந்தால் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோவேன். ஒட்டினால் உருக்கு, முதல் சந்தேகம் பெயரிங். ஒட்டாவிட்டால் அலுமினியம், வேறிடத்தில் தேட வேண்டும். கபில நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் செயின் உரசும் பட்டைகளிலிருந்து வருபவை, ஓரிரண்டுக்குப் பதறுவதில்லை. உருக்குத் துகள் சுற்றி முடிந்த எஞ்சினில் புதுப் பெயரிங் மட்டும் போட்டு மூட நான் சம்மதிப்பதில்லை. ஒயில் போன இடமெல்லாம் அந்தத் துகளும் போயிருக்கும். 5,000 டொலரை ஆயத்தமாக வைத்துக்கொண்டு வந்தவரிடம், அது போதாது என்றும், அதை இப்போது வாங்கவும் மாட்டேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு, வேறு கராஜுக்குப் போனவர்களும் உண்டு.

கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போது வேறு எதை மாற்றுவது என்பதில்தான் மெக்கானிக்கின் தரம் தெரியும். கிராங்கின் பின் சீலைக் கேள்வியின்றி மாற்ற வேண்டும். சில்லறை விலைச் சாமான், அதற்கும் இதே வழிதான். கிளட்ச் பாதி தேய்ந்திருந்தால் மாற்றலாம். ஃப்ளைவீல் 1,000 டொலரைத் தாண்டும், ஆகவே கையால் திருகி ஆட்டம் பார்த்து, அளவுக்குள் இருந்தால் திரும்பப் பூட்டுவேன். ஒயில் ஆவியைப் பிரிக்கும் ஏஓஎஸ் பழுதானால் ஸ்டார்ட் பண்ணியதும் தெருவை மறைக்கிற வெள்ளைப் புகை வரும். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் தூக்க முடியாதபடி உள்ளே இழுத்தால் அதற்கும் நாள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று நீளமான பட்டியல் நீட்டுவது சுலபம். பயந்தவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், அவ்வளவுதான்.

குளிர்நாட்டில் எனக்குப் பெரிய பயம் சிலிண்டர் கீறல். இந்த எஞ்சினின் சிலிண்டர் சுவர் சிலிக்கன் பதித்த அலுமினியம். பிஸ்டனில் மெல்லிய இரும்புப் பூச்சு. பூச்சு போனால் இரண்டும் உராய்ந்து கோடு விழும். ஆறாவது சிலிண்டரில்தான் அதிகம் காண்கிறோம். ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரியாக இருக்கும், எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு தட்டல் கேட்கும். பிளக் துளை வழியாகக் கமராவை விட்டால் பல வேளை தெரியாது. ஒயில் தட்டைக் கழற்றிக் கீழிருந்து பார்க்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துச் செய்தால் 30,000 டொலரைத் தாண்டும், அதாவது இன்னொரு காரின் விலை. பெயரிங்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதைக் கேட்பதேயில்லை.

சிறிய சனியன்கள் வேறு. முன்பம்பரின் இரு துளைகளுக்குப் பின்னால் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. இலையுதிர் காலத்து மேப்பிள் இலைகள் அங்கே புகுந்து, ஈரத்தில் ஊறி, அலுமினியத்தை அரிக்கும். வருஷத்துக்கொருமுறை பம்பரைக் கழற்றித் துப்புரவாக்கினால் பல நூறு டொலர் மிச்சம். வாட்டர் பம்பின் பிளாஸ்டிக் இதழ் உடைந்து கூலன்ட் பாதைக்குள் ஓடும். உடம்பு துத்தநாகம் பூசியது, சாலை உப்பை அதிகம் சட்டை செய்யாது. புகைபோக்கிப் போல்ட்டுகள்தான் தொட்டால் முறிகின்றன.

அண்மையில் ஒரு பெடியன் வந்தான். “அண்ணை, 1999 கார். 40,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு. கராஜுக்குள்ளேயே வைச்சிருந்தவையாம்.”

“அதுதான் தம்பி எனக்கு யோசனை” என்றேன். நின்ற காரில் சீல்கள் காய்கின்றன, ஒயிலில் ஈரம் சேர்கிறது. 1,60,000 ஓடி, வருஷாவருஷம் ஒயில் மாற்றிய பில்லோடு வரும் காரை நான் அதிகம் நம்புவேன். ஆனாலும் பார்த்தோம். ஃபில்டர் சுத்தம், சிலிண்டர்களில் கோடு இல்லை. வாட்டர் பம்ப் ஒழுகல், ரேடியேட்டர் இரண்டும் இலைக்குப்பை, டயர்கள் காலாவதி. விலையில் 3,500 டொலர் குறைக்கச் சொல்லிக் கேட்கச் சொன்னேன், குறைத்தார்கள். அந்தக் காசு பம்புக்கும் ரேடியேட்டருக்கும் டயருக்கும் சரியாய்ப் போயிற்று. இரட்டை வரிசைப் பெயரிங் என்பதால், அதை அடுத்த கிளட்ச் வரும்வரை விடச் சொல்லியிருக்கிறேன். ஒயிலை மட்டும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், பழைய ஃபில்டரை எறியாமல் என்னிடம் கொண்டுவர வேண்டும்.