மெல்போர்னில் நின்றபடி ஒரு காபி

மெல்போர்ன் போனால் பெல்லக்ரினிஸுக்கு ஒருமுறை போய்விடுங்கள். 1954-ல் திறந்த எஸ்பிரெஸ்ஸோ பார். நீளமான கவுண்டர், வரிசையாக உயர ஸ்டூல்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடியேறிய இத்தாலியர்கள் ஊருக்கே பழக்கிவிட்ட ருசி. 2008-ல் ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவில் தன் 84 கடைகளில் 61-ஐ மூடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது லிட்டில் பர்க் தெருவின் பாட்ரீசியா என்ற காபிக் கடை. நின்றுகொண்டேதான் குடிக்கணும். பாரிஸ்டா தூளைத் தராசில் நிறுத்தார், 20 கிராம். மெஷினை ஓடவிட்டு டைமரையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம் பிடிக்க வேண்டியது மளமளவென்று இறங்கிவிட்டது. யோசிக்காமல் கொட்டிவிட்டார். அரவையை இன்னும் கொஞ்சம் நைசாக்கி, மறுபடி போட்டார். ஒரு வாய்க் காபிக்கு இவ்வளவு அக்கறை!

எத்தியோப்பியக் கொட்டை. முதலில் எலுமிச்சைப் புளிப்பு, பிறகு மல்லிகை வாசம். டிகாக்‌ஷனில் ஊறிய நாக்குக்கு இது புதுசுதான். இரண்டாவது மடக்கில் பிடித்துப்போனது. சர்க்கரை கேட்காதீர்கள், முதலில் அப்படியே குடித்துப் பாருங்கள்.

காலையிலேயே போங்கள். அங்கே பல காபிக் கடைகள் மூணு, நாலு மணிக்கே மூடிவிடும்.