பழி பாஸ்வேர்டின் மேல்

சர்வரை அப்கிரேட் செய்த மறுநாள் பகிர்வு ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், உடனே எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் வீண் வேலை. நேற்றுவரை செல்லுபடியான பாஸ்வேர்டு ஒரே இரவில் எல்லோருக்கும் தப்பாகிவிடாது. மாறியது சர்வரின் நிபந்தனை. லினக்ஸில் கோப்புப் பகிர்வைக் கவனிக்கும் சாம்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த 4.5 பதிப்பு, என்டிஎல்எம்வி1 என்ற பழைய சரிபார்ப்பு முறையை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. 2019இல் வந்த 4.11, எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையையே இயல்பாக அணைத்து வைத்தது. பல பதிப்புகளை ஒரே தாவலில் தாண்டினால் இரண்டு கதவும் சேர்ந்தே சாத்தப்படும். பகிர்வு ஃபோல்டருக்குக் கோப்பு அனுப்பும் பழைய ஸ்கேனர் சரியான பாஸ்வேர்டோடு வந்தாலும் வெளியேதான் நிற்கும். திரையில் வரும் செய்தியை நம்பாதீர்கள், சர்வரின் லாகைப் படியுங்கள்.

‘பாஸ்வேர்டை மறுபடி போட்டதும் சரியான இடங்களும் உண்டே’ என்பீர்கள். உண்டு. சாம்பா தன் பாஸ்வேர்டுகளைப் பெரும்பாலும் லினக்ஸ் கணக்குகளிலிருந்து தனியாக வைத்திருக்கும். புதிதாக நிறுவியவர் அந்தப் பாஸ்வேர்டுக் கோப்பைக் கொண்டுவர மறந்தால் இப்படித்தான் ஆகும். இன்னொரு வாதம், எஸ்எம்பி1ஐத் திரும்ப இயக்கினால் போதுமே என்பது. ஒரு வரி மாற்றம்தான், பல இடங்களில் வேலையும் நடக்கும். ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாக. சாம்பாவில் அந்த ஓட்டை இல்லை என்பதும் நியாயமே. ஆனால் எஸ்எம்பி1 நெறிமுறையில் நடுவே புகுபவரைத் தடுக்கும் காவல் பலவீனம். ஒரு ஸ்கேனருக்காக அலுவலகம் முழுவதையும் திறந்து வைப்பதைவிட, அந்த ஸ்கேனரைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கலாம். ஸ்கேனரில் மின்னஞ்சலில் அனுப்பும் வசதி இருந்தால் அதுவே போதும்.