தமிழ் வகுப்பில் செல்போனுக்கு என்ன வேலை?



அறிவியலுக்கு லேப் இருக்கிறது. கணக்குக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் இருக்கிறது. தமிழுக்கு என்ன வேண்டும்? ஒரு புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பேனா. அவ்வளவுதானே என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். “தமிழ் படிக்க எதுக்கு செல்போனு?” என்று வீட்டிலும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். இந்த வருஷம் எங்கள் தமிழ் வகுப்பில் நடந்ததை வைத்து அதற்குப் பதில் எழுதுகிறேன். பொறுமையாக நின்று படிக்கவும்!

முதலில் நம்மிடம் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2018-ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றில் பாடத்தோடு சேர்த்து ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்திருந்தார்கள். அதுதான் க்யூஆர் கோடு. செல்போனைக் காட்டினால் வீடியோ வரும். இந்தக் கட்டத்தை 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் என்ற நிறுவனம், கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகக் கண்டுபிடித்ததாம். கார் தொழிற்சாலையில் பிறந்த கட்டம் நம்ம தமிழ்ப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்திருப்பது ஆச்சரியம்தானே!

2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த மார்ச் மாதமே கொரோனா வந்து பள்ளிகளை மூடிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் கதவு திறந்தது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒரே ஒரு செல்போன்தான். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரிதான் வீட்டுக்கு வரும். டிவி மட்டும் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தது. அதனால் எங்களுக்குப் பாடம் நடத்தியது பெரும்பாலும் டிவிதான்.

இவை எல்லாமே நல்ல விஷயங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கட்டத்தைக் காட்டினால் வீடியோ பேசுகிறது. டிவி பேசுகிறது. நாம் சும்மா உட்கார்ந்து கேட்கிறோம். இவை எல்லாம் வாய் உள்ள கருவிகள். மொழி என்றால் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு என்று படிக்கிறோம். நாம் பேசுவதைக் கேட்கிற, காது உள்ள கருவி ஒன்று வேண்டாமா?

அப்படி ஒன்று பெரும்பாலான செல்போன்களில் இருக்கிறது. சாதாரண பட்டன் போனில்கூடப் பல போன்களில் உண்டு. நெட் தேவையில்லை, காசு தேவையில்லை. அதன் பெயர் ஒலிப்பதிவு. நாம்தான் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒலிப்பதிவு ரொம்பப் பழைய கருவி. எடிசன் 1877-ல் போனோகிராப் கண்டுபிடித்தார். அது எதற்கெல்லாம் பயன்படும் என்று அடுத்த வருஷமே, 1878-ல், ஒரு பட்டியல் எழுதினார். அதில் பாட்டு கேட்பது மட்டும் இல்லை. உச்சரிப்பு கற்றுக்கொடுப்பது, ஆசிரியர் சொல்வதைப் பதிந்து வைப்பது, குடும்பத்தில் உள்ளவர்களின் குரலைச் சேமிப்பது, மொழிகளைப் பேசுகிற விதம் மாறாமல் காப்பாற்றுவது என்றெல்லாம் இருக்கிறது. நம்ம நாட்டில்கூட 1913 முதல் 1929 வரை, கிரியர்சன் என்பவர் நடத்திய இந்திய மொழியியல் ஆய்வுக்காக, 97 மொழிகளையும் வட்டார வழக்குகளையும் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இன்றைக்கும் அந்தக் குரல்களைக் கேட்கலாம். பேசியவர்கள் போய்விட்டார்கள், குரல் இருக்கிறது.

இதையெல்லாம் எங்கள் தமிழ் மிஸ் சொல்லிவிட்டு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். “உங்க வீட்டுல இருக்கிற மூத்தவங்க ஒருத்தர் பேசுறதை மூணு நிமிஷம் பதிவு பண்ணிட்டு வாங்க. போன் இல்லாதவங்க பக்கத்து வீட்டுல கேளுங்க.”

நான் எங்கள் ஆயாவிடம் போனேன். ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். இப்போது முட்டி வலியால் வீட்டில் இருக்கிறார். செல்போனை நீட்டியதும், “இன்னாடி, போட்டோ புடிக்கிறியா?” என்றார்.

“போட்டோ இல்ல ஆயா. நீ பேசுறதைப் புடிக்கிறேன்.”

“பேச்சைப் புடிச்சி இன்னா பண்ணப் போற? உப்பு போட்டு காய வெக்கப் போறியா?”

ஆயா கேலியாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒலிப்பதிவு என்பது அதுதானே! கெட்டுப் போகாமல் வைப்பது.

மூணு நிமிஷம் கேட்டால் ஆயா பதினொரு நிமிஷம் பேசினார். அவருடைய சின்ன வயசில் இங்கே கரையில் மணல் இருந்ததாம். கட்டுமரத்தில் போய்ப் பெரியவலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வருவார்களாம். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்களாம். ‘தெண்டி’ ஓடினால் ஒரு மாதிரி, ‘வன்னி’ ஓடினால் வேறு மாதிரி வலை போகுமாம்.

மறுநாள் வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டார்கள். ஆயாவின் குரல் பெரிதாகக் கேட்டது. “எல்லாருமா சேர்ந்து வலை வலிச்சிகினு இருந்தோம்” என்று வந்தபோது வகுப்பே சிரித்துவிட்டது. “வலைக்கு வலிக்குமா மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். மறுபடியும் சிரிப்பு. எனக்கு முகம் எல்லாம் சூடாகிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் பரவாயில்லை. ஆயா எங்கேயோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாமலே அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மிஸ் யாரையும் திட்டவில்லை. செல்போனில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதியைத் திறந்தார்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். புத்தகமாக வாங்கினால் தூக்கவே முடியாது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மிஸ் ‘வலித்தல்’ என்று தேடி எங்களில் ஒருவரை விட்டே படிக்கச் சொன்னார்கள். இழுத்தல் என்று ஒரு பொருள். படகைத் துடுப்பால் செலுத்துதல் என்று இன்னொரு பொருள்!

அதே மாதிரி ‘குந்து’ தேடினோம். இருந்தது. ‘அப்பால’ என்று நாம் சொல்வது ‘அப்பால்’. அதுவும் இருந்தது. நாம் பேசுவது கொச்சை, தமிழே இல்லை என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! நல்ல பழைய சொற்களைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “எங்க தாத்தாவும் ரிக்‌ஷா வலிச்சாரு மிஸ்.” இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து, குரலைக் கேட்டுத் தானே தட்டச்சு செய்கிற வசதியைச் சோதித்தோம். மிஸ் பாடப்புத்தகத் தமிழில் பேசினார்கள், செல்போன் அழகாக எழுதியது. ஆயாவின் பதிவைப் போட்டோம், தடுமாறிவிட்டது. ‘தெண்டி’ என்பதைத் ‘தொண்டி’ என்று எழுதியது. ‘வன்னி’ என்பதைச் சரியாக எழுதியது. ஆனால் அகராதியைப் பார்த்தால் வன்னி என்றால் நெருப்பு, வன்னி மரம் என்று இருக்கிறது. ஆயா சொல்வது நெருப்பும் இல்லை, மரமும் இல்லை. வடக்கே இருந்து தெற்கே ஓடுகிற கடல் நீரோட்டம் வன்னி. தெற்கே இருந்து வடக்கே ஓடுவது தெண்டி.

இதைக் கேள்விப்பட்ட அறிவியல் சார், “இந்த ரெண்டு வார்த்தையில ஒரு பெரிய பாடமே இருக்கு” என்றார். நம்ம கடற்கரையில் வருஷத்தில் பல மாதங்கள் நீரோட்டம் தெற்கே இருந்து வடக்கே மணலை நகர்த்திக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். சுவர் மணலைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்குப் பக்கம், அதாவது நம்ம ராயபுரம் பக்கம், மணல் வராமல் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் இங்கே மணலுக்குப் பதிலாகப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

மணல் போனது. மணலில் நின்று வலிக்கிற பெரியவலையும் போனது. வலை போனால் அந்தச் சொற்களும் போய்விடும் இல்லையா? எனக்கே ‘தெண்டி’ என்ற சொல் அன்றைக்குத்தான் தெரியும். நான் இதே கல்மண்டபத்தில்தான் பிறந்தேன்!

அப்புறம் அந்தப் பதிவை வைத்தே இலக்கணமும் படித்தோம். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஆயா பேசியதை அப்படியே ஒரு பக்கத்திலும், எழுத்து வழக்கில் எதிர்ப்பக்கத்திலும் எழுதினோம். ‘வலிச்சிகினு’ என்றால் வலித்துக்கொண்டு. ‘பேசிகினு’ என்றால் பேசிக்கொண்டு. ‘இஸ்துகினு’ என்றால் இழுத்துக்கொண்டு. அதாவது ‘கொண்டு’ என்பது எல்லா இடத்திலும் ‘கினு’ ஆகிறது. ஒரு இடத்தில் கூடத் தவறவில்லை. நம்ம பேச்சுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்ற பாடம் ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்தது போய், மனசில் நின்றுவிட்டது.

இன்னொரு பயனும் உண்டு. என் தோழி ஒருத்திக்கு ‘ழ’ வராது. பழம் என்பதைப் ‘பயம்’ என்பாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே எழுந்து நிற்க மாட்டாள். மிஸ் அவளிடம் போனைக் கொடுத்து, “வராண்டாவுல போய் நீயே படிச்சு நீயே கேளு” என்றார்கள். அவள் பத்துப் பதினைந்து தடவை படித்தாள், கேட்டாள், அழித்தாள். பத்து நாள் கழித்து வகுப்பில் எழுந்து நின்று மனப்பாடப் பாட்டைச் சொன்னாள். மற்றவர் திருத்தினால் வெட்கமாக இருக்கும். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தினால் வெட்கம் எதற்கு?

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் ‘பெண் கல்வி பற்றி ஒரு கட்டுரை’ என்று செல்போனில் கேட்டால் இப்போது செயற்கை நுண்ணறிவு அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது.  ஆனால் அதில் என் ஆயா இருக்க மாட்டார். பெரியவலை இருக்காது. நமக்குப் பதிலாக அதுவே பேசிவிட்டால் நம் வாய் எதற்கு? நம்மைப் பேச வைக்கிற கருவியைப் பயன்படுத்துவோம். நம் வாயை மூடுகிற கருவியைக் கொஞ்சம் தள்ளியே வைப்போம்.

‘பள்ளியில் செல்போன் வந்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்’ என்று பெரியவர்கள் பயப்படுவதும் நியாயம்தான். அதனால் எல்லாரும் செல்போன் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாங்க முடியாதவர்களும் நம்மில் நிறைய இருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு போன் போதும், அதுவும் ஆசிரியர் கையில். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நம் தெருவில் வலை பின்னுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா வலித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் பேசுவதைப் பதிவு செய்வோம். அவர்கள் பெயரைப் போடலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வோம். கேட்டு எழுதி, இந்தச் சுவர் இதழில் ஒட்டுவோம். பக்கத்திலேயே ஒரு சின்ன க்யூஆர் கட்டமும் ஒட்டுவோம். பாடப்புத்தகத்தில் இருக்கிற கட்டம் பாடத்தைப் பேசட்டும். நம் சுவரில் இருக்கிற கட்டம் நம்ம ஜனங்களின் குரலைப் பேசட்டும்.

அடுத்த இதழுக்கு ஆயாவின் மீதிப் பேச்சையும் எழுதி முடித்துவிடுவேன். இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்று சாயந்திரமே போய்க் கேளுங்கள் தோழிகளே, தோழர்களே!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி