கை முதிரும்வரை

பிட்ஸ்பர்க், அமெரிக்கா



இங்கே கோடை வந்துவிட்டால் ஊர்ப் பேச்சு முழுக்க பேஸ்பால்தான். எங்கள் தெருமுனை மைதானத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும்போது, பந்து வீசும் பையனைவிட வலைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவையே நான் கவனிப்பேன். அவர் மடியில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போடுவார். கோடு 75-ஐத் தொட்டதும் கையைத் தூக்குவார். எதிரே மட்டையோடு நிற்பவனை மட்டும் முடித்துவிட்டுப் பையன் இறங்கிவிட வேண்டும். அணி தோற்கிற நிலையில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அடுத்த நான்கு நாள் அவன் ஆட்டத்தில் பந்து வீசவும் கூடாது. சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் பந்துகளை எண்ணித்தான் வீச விடுகிறது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பேஸ்பாலில் கையை மடக்கி எறிகிறார்கள். அந்த விசையெல்லாம் முழங்கையின் உட்பக்கத்து நாரில் வந்து விழுகிறது. நம் கிரிக்கெட்டில் கையை நீட்டிச் சுழற்றுவதால் பாரம் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில் இறங்குகிறது. வளரும் பிள்ளைக்கு எலும்பு முனைகள் இன்னும் இறுகியிருக்காது. நன்றாக வீசுகிறான் என்று அவனையே திரும்பத் திரும்ப வீச வைத்தால், வலி தெரியும் முன்பே உள்ளே சேதம் தொடங்கிவிடும்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். 1974-இல் டாமி ஜான் என்ற பந்துவீச்சாளரின் முழங்கை நார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறிடத்து நாரை எடுத்து வைத்துத் தைத்தார். 1975 முழுவதும் ஜான் ஆடவில்லை. 1976-இல் திரும்பி வந்தவர் 1989 வரை வீசினார். சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் 1987 முதல் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த டென்னிஸ் லில்லியும் 1973-இல் முதுகெலும்பு விரிசலால் படுத்து, பொறுமையாக எழுந்து வந்தவர்தான்.

எங்கள் ஊர் அணி பைரேட்ஸ். 2023 புது வீரர் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வான பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் இந்த அணிக்கு வந்தார். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். உடனே இறக்கு என்று ரசிகர்கள் கேட்டார்கள். நிர்வாகம் அசையவில்லை. 2024 தொடக்கத்தில் கீழ்நிலை அணியான இண்டியானாபொலிஸில் குறைந்த பந்துகளோடு வீச வைத்து, மே 11-ஆம் தேதிதான் பெரிய மைதானத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 11-இல், மில்வாக்கி அணிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் அடித்து ஓடவிடாமல் வீசிக்கொண்டிருந்தவரை 99 பந்தோடு உட்கார வைத்தார்கள். பேஸ்பாலில் ஒருவரும் அடிக்காத ஆட்டத்தை முழுதாக வீசி முடிப்பது ஒரு பந்துவீச்சாளரின் வாழ்நாள் கனவு. அதைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த அறிமுக வீரர் அவர்தான். மறு ஆண்டு பந்துவீச்சின் மிக உயர்ந்த சை யங் விருதும் அவருக்கே. நம் பிரம்மதேசத்து உப்பளத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பாத்தியில் தண்ணீர் விட்ட மறுநாளே வாரினால் சேறுதான் கிடைக்கும்.

இதே பைரேட்ஸ் 2008-இல் உத்தரப்பிரதேசத்து இளைஞர்கள் இருவரை ஒப்பந்தம் செய்தது. ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்து பழகியவர்கள். ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேறி, பேஸ்பாலைத் தொட்ட ஆண்டிலேயே அமெரிக்க அணிக்கு வந்துவிட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014-இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ இவர்கள் கதைதான். ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியோடு படம் முடிகிறது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தினேஷை 2010-இல் விடுவித்தார்கள். ரிங்கு சில ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் முன்னேறினார். பிறகு கைக் காயம் தடுத்துவிட்டது. பலமான கை இருவருக்கும் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்குப் பத்துப் பதினைந்து வருடம் கிடைக்கும் வளர்ப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் தொடங்கியவர். 2015-இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடியதும், வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. முன்னாள் வீரர் சுனில் சுப்பிரமணியம் உதவியோடு முறையையே மாற்றிக்கொண்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். பிறகு ஹைதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு ஆண்டும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020-இல் 16 விக்கெட். அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் வீசப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அப்போது வயது 29. பத்தொன்பது வயதில் கிடைக்கவில்லையே என்று யாராவது அவரைக் கைவிட்டிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

இதை எழுதக் காரணம் நம் ஊர்ப் பக்கத்து டோர்னமென்டுகள். ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம். வேகமாகப் போடும் பையன் எவனோ அவனுக்கே முதல் ஓவர், அவனுக்கே கடைசி ஓவர். தோள் வலிக்கிறது என்றால் ஐஸ் வைத்துத் திரும்ப அனுப்புகிறோம். கோப்பை அந்த வருடத்தோடு போய்விடும். பையனின் கை அவன் ஆயுளுக்கும் வேண்டும்.

டீம் நடத்தும் அண்ணன்மார்களே, ஸ்கோர் நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். எந்தப் பையன் இன்று எத்தனை ஓவர் போட்டான், நேற்று எத்தனை என்று குறித்து வையுங்கள். வருடத்தில் சில மாதம் அவன் பந்தைத் தொடாமல் வேறு ஏதாவது விளையாடட்டும். வலிக்கிறது என்று சொன்னால், இறுதி ஆட்டமே ஆனாலும் அன்றைக்கு அவனை உட்கார வையுங்கள்.