நேர்கோட்டு வீதிகளும் எதிர்க்காற்றும்

பாடசாலையில் புவியியல் படித்த நாளில் பிறேரிப் புல்வெளி என்பது பரீட்சைக்காக மனனம் செய்த ஒரு பெயர் மட்டுமே. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் அந்த நிலத்தின் அகலம் விளங்கியது. றெஜைனா நகரைத் தாண்டினால் மலையில்லை, மரமும் அரிது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்தான்.

அந்த வயல்வெளியைச் சைக்கிளில் சுற்றி வர அக்காவும் பெறாமகளும் நானும் தீர்மானித்தோம். றெஜைனாவிலிருந்து போட் குவாப்பெல், அங்கிருந்து இந்தியன் ஹெட், பின் மீண்டும் றெஜைனா. மூன்று நாட்களில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர்.

"மூன்று பொம்பிளையள் தனிய அவ்வளவு தூரமோ?" என்று அத்தான் கேட்டார்.

"பெற்றோல் இல்லாத காலத்தில யாழ்ப்பாணத்தில நாங்கள் எதில போனனாங்கள்?" என்று அக்கா திருப்பிக் கேட்டா. அத்தோடு அவர் சைக்கிள்களுக்குக் காற்றடிக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் வரைபடத்தை விரித்தோம். அது கட்டக் கொப்பியின் தாளைப் போல இருந்தது. 1871 இல் தொடங்கிய நில அளவையின்படி நிலம் முழுவதும் ஒரு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அவற்றின் ஓரங்களில் வீதிகளுக்கென நிலம் ஒதுக்கினார்கள். அதனால்தான் வீதிகள் நேர்கோடாக ஓடுகின்றன. ஆயினும் அவற்றிற் பல கிரவல் வீதிகள். மெல்லிய ரயருக்கு அவை ஒத்துவராதபடியால் தார் வீதிகளை மட்டும் தெரிந்தெடுத்தோம்.

அடுத்தது காற்று. அங்கே மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கடி வீசும். தடுக்க ஒன்றுமில்லாத வெளியில் எதிர்க்காற்று ஒரு ஏற்றத்துக்குச் சமம். எமது கடைசி நாள் 70 கிலோமீற்றரும் மேற்கு நோக்கியது. ஜூன் மாதக் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே அங்கு விடிந்துவிடும். விடியற்காலையில் காற்றின் வேகம் குறைவு. ஆகவே அன்று ஐந்து மணிக்கே புறப்படுவது என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது தண்ணீர். குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயி அன்றே வீடு திரும்பக்கூடிய தூரத்தில், புகையிரதப் பாதையோரம் களஞ்சியங்களைக் கட்டினார்கள். அவற்றைச் சுற்றிச் சிற்றூர்கள் வளர்ந்தன. பின்னர் பல களஞ்சியங்கள் மூடப்பட்டன, கடைகளும் போயின. வரைபடத்தில் ஊர்ப்பெயர் இருப்பதால் அங்கே கடை இருக்கும் என்று நம்பமுடியாது. முன்கூட்டியே விசாரித்துக் குறித்துக்கொண்டோம். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒட்டுவதற்குச் சாமான், மேலதிக ரியூப், தொப்பி, மழை அங்கி என்பவற்றையும் கட்டினோம். கோடையில் இடியும் ஆலங்கட்டி மழையும் திடீரென வரும்.

வழியில் கோதுமையும் கனோலாவும் நின்றன. எமது சமையலறைக்குத் தெரிந்த பயிர் ஒன்றும் அந்த மாகாணத்தில் விளைகிறது. அதுதான் மைசூர்ப் பருப்பு. இலங்கைக்கு இறக்குமதியாகும் பருப்பில் பெரும்பங்கு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. கனடாவின் பருப்பில் மிகப் பெரும்பகுதி சஸ்காச்சுவானில்தான் விளைகிறது.

"இந்தக் கட்டமெல்லாம் ஆருக்குக் குடுத்தவை?" என்று முதல்நாள் இரவு போட் குவாப்பெலில் வரைபடத்தைப் பார்த்துப் பெறாமகள் கேட்டாள். நல்ல கேள்வி. அந்த நிலம் கிறீ, சோட்டோ, நக்கோடா முதலிய பூர்வீக மக்களுடையது. 1874 இல் அவர்களோடு நான்காம் இலக்க உடன்படிக்கை கைச்சாத்தானது அதே ஊரில்தான். அரசு 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பத்து டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் காணியைக் குடியேறும் ஆண்களுக்கு வழங்கியது. எங்கள் கணக்கில் அது 2560 பரப்பு. பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. சிறு பிள்ளைகளோடு குடும்பத்தைத் தனியே தாங்கும் விதவை போன்றோருக்கு மட்டும் விதிவிலக்கு.

ஜோர்ஜினா பின்னி-கிளார்க் என்ற ஆங்கிலேயப் பெண் 1905 இல் அந்தப் பகுதியில் 320 ஏக்கரைப் பணம் கொடுத்தே வாங்கிக் கோதுமை செய்தார். தனது அனுபவத்தை 1914 இல் நூலாக எழுதினார். பெண்களுக்கும் காணி வேண்டுமென்று மற்றப் பெண்களோடு சேர்ந்து குரல் கொடுத்தார். ஆயினும் காணிகள் மாகாணங்களுக்குக் கையளிக்கப்பட்ட 1930 வரை அச்சட்டம் மாறவில்லை. பெண்கள் வயலில் வேலை செய்யவில்லை என்று எவரும் சொல்லவில்லை. பத்திரத்தில்தான் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஏரிகளின் ஓரமாக ஓடி, பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி இந்தியன் ஹெட்டை அடைந்தோம். மூன்றாம் நாள் நினைத்தபடி ஐந்து மணிக்குப் புறப்பட்டு, காற்று எழும்ப முன்பே பல்கோனியைத் தாண்டிவிட்டோம். அதன்பின் வந்த காற்றில் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் ஓடுபவரை மாற்றி மாற்றி மிதித்தோம். பின்னால் வருபவருக்குக் காற்றின் பாரம் குறையும்.

சகோதரிகளே, எம்மில் பலர் இன்று தனித்து நின்று குடும்பத்தைத் தாங்குபவர்கள். நாம் உழுது விதைக்கும் காணியின் உறுதியில், அனுமதிப்பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரமென்றால் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் அயலில் உள்ள இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கும் விசாரிக்க ஒரு காணி இருக்கக்கூடும்.