போனட்டில் எழுதிய எண்

அந்த வீட்டு ஷெட்டில் காருக்கு இடம் கிடையாது. கார் வருடம் முழுவதும் தெருவில்தான் நிற்கும், மழையோ பனியோ. ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பது ஒரு பழைய ராணுவ ஜீப்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். ராணுவத்தில் ஒருநாள் கூட இருந்ததில்லை. 1991-ல் ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போய் இந்த ஜீப்பை வாங்கினார். வாங்கிய அன்று அது தானாக ஓடவில்லை, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பணம்?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு அந்த வண்டிக்கு வெள்ளை நட்சத்திரம் வரைந்தவரும் அவர்தான்!

நம்மூரில் ஜீப் என்றால் போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் சமயத்தில் மைக் கட்டிக்கொண்டு வரும் ஜீப் ஆகியவைதான் ஞாபகத்துக்கு வரும். மகிந்திரா கம்பெனி இங்கே செய்து விற்றதெல்லாம் இதே வம்சம்தான். ஆனால் மூதாதையர் கதை கொஞ்சம் விசித்திரமானது. 1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி, எடை குறைந்த நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்று அவசரமாக வேண்டும் என்று கேட்டது. 49 நாட்களில் மாதிரி வண்டி தருகிறேன் என்று துணிந்து சொன்னது பான்டம் என்ற சின்னஞ்சிறு கம்பெனி. சொன்னபடி செப்டம்பர் 23-ம் தேதி கொண்டுபோய் நிறுத்தியும் விட்டது. ஆனால் பெரிய ஆர்டர்கள் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும்தான். 1945-க்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. பான்டத்தைக் கடைசியில் டிரெய்லர் செய்யச் சொல்லிவிட்டார்கள். முதலில் ஓடியவனுக்குப் பரிசு கிடைக்காத கதை அங்கேயும் உண்டு.

60 குதிரைசக்தி, 2.2 லிட்டர் இஞ்சின், மூன்று கியர், சுமார் 1100 கிலோ எடை. கதவு இல்லை, ஹீட்டர் இல்லை. மழை வந்தால் கண்ணாடியைத் துடைக்க வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருப்பதால், பங்க்கில் நிறுத்தினால் டிரைவர் இறங்கி, சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட முடியும். ஹெட்லைட்டைத் திருகி விட்டு அப்படியே பின்பக்கம் புரட்டினால் அது இஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டில் ரிப்பேர் செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்து அப்படி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் உழைக்கும் என்று யாரும் யோசித்துச் செய்த வண்டி இல்லை இது. சண்டை முடியும்வரை ஓடினால் போதும். அதை எண்பது வருடம் ஓட வைப்பதுதான் இவர்களுடைய பொழுதுபோக்கு!

மூன்று வருடம் ஆயிற்று அதை ஓட வைக்க. துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒருநாள், போனட்டில் ஐந்தாறு அடுக்கு பெயிண்ட்டுக்குக் கீழே மங்கலாக ஒரு எண் தெரிந்தது. ஆரம்பம் 20. அமெரிக்க ராணுவம் ஜீப்புகளுக்குக் கொடுத்த வரிசை அதுதான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை விற்றவர், "இது நார்மண்டியில் இறங்கின வண்டி, யூட்டா கடற்கரையில்" என்று சொல்லியிருந்தார். அதுவரை அதைப் பாதிதான் நம்பியிருந்தவர், எண்ணைப் பார்த்ததும் முழுக்க நம்பிவிட்டார். எண்ணுக்கும் யூட்டாவுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை என்பது இப்போது சுலபமாகத் தெரிகிறது. அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. ஆசைப்பட்டவன் கண்ணுக்கு எல்லாமே சாட்சிதானே.

அதே எண்ணை வெள்ளை பெயிண்ட்டில் புதிதாக எழுதி, ஒரு பலகையும் செய்தார். "1944 ஜூன் 6 அன்று யூட்டா கடற்கரையில் இறங்கிய ஜீப்." அதை முன் பம்பர் மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் எல்லா ஷோவுக்கும் போவார்.

ஷோ என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பெல்ட்ரிங் என்ற ஊரில் ஹாப் ஃபார்ம் என்று ஒரு பண்ணை. பீருக்குப் போடும் ஹாப் பூக்களை உலர்த்த அந்தக் காலத்தில் கட்டிய, கூம்புக் கூரை போட்ட பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கும். வருடாவருடம் ஜூலையில் 'வார் அண்ட் பீஸ் ஷோ' அங்கேதான் நடந்தது (2013-ல் ஃபோக்ஸ்டன் குதிரைப்பந்தய மைதானத்துக்கு மாற்றினார்கள்). ஐந்து நாள் திருவிழா. ஜீப், லாரி, ஆம்புலன்ஸ், மோட்டார் சைக்கிள், பீரங்கி வண்டி என்று ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்குவார்கள். காலையில் எழுந்தால் டீசல் புகையும் பன்றி இறைச்சி வறுபடும் வாசனையும் கலந்து வரும். நடுமைதானத்தில் டாங்குகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், குழந்தைகள் கத்தும்.

ஆனால் இவரைப் போன்றவர்கள் அங்கே போவது டாங்குக்காக இல்லை. பழைய சாமான் கடைகளுக்காக. தரையில் தார்ப்பாய் விரித்து, துருப்பிடித்த கார்புரேட்டர், விளக்கு, வால்வு, பக்கெட் நிறைய போல்ட் என்று கொட்டி வைத்திருப்பார்கள். ஃபோர்டு செய்த ஜீப்பின் போல்ட் தலையில் சின்னதாக 'எஃப்' எழுத்து இருக்கும். அந்த எழுத்து உள்ள போல்ட் ஒன்றைத் தேடி ஒரு முழு மத்தியானத்தையும் செலவழிப்பார்கள். கிடைத்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். கடையில் புது போல்ட் சல்லிசாகக் கிடைக்குமே என்று கேட்டுவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்.

போரைக் கொண்டாடுவது ஆகாதா இது? அந்த ஊர்க்காரர்களே கேட்கிற கேள்விதான். ஜெர்மன் சீருடை போட்டுக்கொண்டு மிடுக்காக நடக்கும் சிலரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் பக்கெட்டுக்குள் கையை விட்டுப் போல்ட் தேடும் மனிதரிடம் போர்வெறியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

2004-ல் நார்மண்டிப் படையெடுப்பின் 60-ம் ஆண்டு. கணவனும் மனைவியும் ஜீப்பிலேயே போர்ட்ஸ்மத் போய், கப்பலேறி ஷெர்பூரில் இறங்கி, செயின்ட் மேர் எக்லீஸ் என்ற ஊருக்குப் போனார்கள். 1944-ல் அமெரிக்க பாராசூட் வீரர்கள் நள்ளிரவில் வந்து குதித்த ஊர் அது. சதுக்கம் முழுக்க ஜீப்புகள். அங்கே ஒரு அமெரிக்கக் கிழவர் கைத்தடியோடு வந்தார். எண்பது வயது இருக்கும். பலகையைப் படித்தார். "யூட்டாவா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் இவர். "நானும் அங்கேதான் இறங்கினேன். டிரைவர்" என்றார் கிழவர். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. இறங்கும்போது டாஷ்போர்டை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். மனைவி ஒரு போட்டோ எடுத்தார். பெயர் கேட்க வேண்டும் என்று அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 2009 பெல்ட்ரிங் ஷோவில், யாரோ ஒருவர் ஜீப்புக்கு முன்னால் குனிந்தார். பிறகு புல்லில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து அடியில் பார்த்தார். இந்த உலகத்தில் இது சகஜம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்குச் சட்டம் கவிழ்த்த 'யு' வடிவத்தில் இருக்கிறது, அப்படியானால் சேஸ் ஃபோர்டு. வில்லிஸாக இருந்தால் அங்கே உருண்டைக் குழாய் இருக்கும். இஞ்சின் எண் 'எம்பி' என்று ஆரம்பிக்கிறது, ஆக இஞ்சின் வில்லிஸ். பாடி இரண்டுமே இல்லை. அது போருக்குப் பிறகு பிரான்சில் செய்தது.

விஷயம் இதுதான். போர் முடிந்ததும் பிரெஞ்சு ராணுவம் பழைய ஜீப்புகளை ஏராளமாக வைத்துக்கொண்டது. பாரிஸுக்குப் பக்கத்தில் பெரிய பட்டறை வைத்து, எல்லாவற்றையும் அக்கு அக்காகக் கழற்றி, தேறிய பாகங்களைச் சேர்த்து மறுபடி வண்டியாக்கினார்கள். எந்த சேஸில் எந்த இஞ்சின் என்றெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. பிறகு ஹாட்ச்கிஸ் கம்பெனி லைசென்ஸ் வாங்கி, அசலைப் போலவே புது ஜீப்புகளும் செய்து கொடுத்தது. பிரெஞ்சு ராணுவம் அவற்றைக் கழித்துக் கட்டியபோது நிறைய வண்டிகள் இப்படி ஆர்வலர்கள் கைக்கு வந்தன. ஷோக்களில் நட்சத்திரம் வரைந்து நிற்கும் 'போர்க்கால' ஜீப்புகளில் கணிசமானவை இந்தக் கலவைதான். போனட் மட்டும்? அது கழற்றி மாட்டுகிற சாமான். எந்த வண்டியிலிருந்து வந்ததோ.

அன்று சாயங்காலமே பலகையை எடுத்து சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார். வண்டி அதே வண்டிதான். அதே சத்தம், அதே பெட்ரோல் வாசனை, லிட்டருக்கு அதே ஆறு ஏழு கிலோமீட்டர். ஆனால் ஷெட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. விற்றுவிடலாமா என்று கூட யோசித்தார். வண்டிக்காரர் பொய் சொன்னாரே என்ற கோபத்தை விட, அந்தக் கிழவரிடம் "ஆமாம்" என்று சொன்ன தன் வார்த்தைதான் அவரை அரித்தது.

மனைவி ஒருநாள் சொன்னார், "அவர் உங்க வண்டியைப் பார்த்தா அழுதார்? அவர் ஓட்டின வண்டியை நினைச்சுல்ல அழுதார்!" நியாயமான பேச்சுதான். அவருக்கு அது போதவில்லை.

2010-ல் புதுப் பலகை வந்தது. "சேஸ் ஃபோர்டு, 1943. இஞ்சின் வில்லிஸ். பாடி பிரான்ஸ், போருக்குப் பின். எங்கெங்கே போனது என்று தெரியாது." போனட் எண்ணை அழித்தார். மரியாதைக்குரிய செயல்தான், ஆனால் பலனும் உடனே தெரிந்தது. பழைய பலகையைப் பார்த்து நின்றவர்களில் பாதிப் பேர் கூட இப்போது நிற்கவில்லை. படித்துவிட்டு அடுத்த ஜீப்புக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஜீப்பின் பலகையில் ஒமாஹா கடற்கரை! அதன் அடியிலும் யாராவது டார்ச் அடித்துப் பார்த்தார்களா என்பது வேறு கதை. இவர் குனிந்து பார்த்ததும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை.

மறு வருடம் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள் பேத்தி. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ரிப்பேர் பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர். பலகையைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "நாங்க வேற என்ன பண்ணினோம்னு நினைக்கிறே? மூணு உடைஞ்ச ஜீப் வரும், ரெண்டு ஓடற ஜீப் போகும். சண்டையிலயே இப்படித்தான் இருந்தது" என்றார். பிறகு போனட்டைத் திறக்கச் சொல்லி, கார்புரேட்டர் டியூனிங் சரியில்லை என்று கண்டுபிடித்து, ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தானே கால் திருகு திருகினார். வண்டி அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லையாம்!

ஜீப்பை விற்கிற பேச்சு அதோடு நின்றது.

இப்போது வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. 2021-ல் பிரிட்டனில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரணமாகிவிட்டது. அது பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும் என்பதால் விலை கூடிய பெட்ரோல் தேடிப் போட வேண்டும். கிளட்சை மிதிக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை, மகன்தான் ஓட்டுகிறான். நெடுஞ்சாலையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும். பின்சீட்டில் இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

2024 ஜூனில், 80-ம் ஆண்டுக்கு, மறுபடி செயின்ட் மேர் எக்லீஸ் போனார்கள். பலகையில் பிரெஞ்சிலும் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் அந்த 2004 போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். கிழவர் இருந்தால் நூறு வயதாகியிருக்கும். மகனோ பேத்தியோ யாராவது வந்தால் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். மூன்று நாளும் எத்தனையோ அமெரிக்கர்கள் போட்டோவை உற்றுப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

திரும்பும்போது போட்டோவை மடிக்காமல் உறை போட்டு டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார் மனைவி. இன்னும் அங்கேதான் இருக்கிறது.